ஏற்றுமதி

பர்கூருக்கு வெளியே கல் யார்டில் எனக்குக் காகித வேலை.
பிளாக் எண், நீளம், அகலம், உயரம்,
கழிவுக்கு எத்தனை சென்டிமீட்டர் விட்டோம்,
எந்தக் கப்பல்.
வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது விலையை அல்ல,
ஒரு வாளித் தண்ணீரை.
காய்ந்த கல் வெறும் சாம்பல்.
நனைந்தால்தான் நரம்பு காட்டும்.

ஆறு மணிக்கு மேல் அதே கணினியில்
இன்னொரு சரக்கு.

நானும் தஸ்லிமாவும் பெட்டமுகிலாளத்தில் நான்கு இரவு.
இரண்டாம் இரவு யானை வருகிறதென்று
முக்காலியை மடக்காமலே ஜீப்பில் எறிந்து ஓடிவந்தோம்.
ஆக, மூன்று இரவு.
முந்நூற்றுப் பன்னிரண்டு படங்களை
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி,
ஓரியனின் வாளில் ஊதா எழும்வரை
வளைகோட்டை மயிரிழை மயிரிழையாகத் தூக்கி,
நேற்றுத்தான் கோப்புக்குப் பெயர் வைத்தேன்:
முடிந்தது_7.

முடிந்ததை அனுப்ப வேண்டுமே.
மெனுவைத் தமிழில் வைத்திருக்கிறேன்.
'ஏற்றுமதி' என்கிறது.
தார்ப்பாய் இல்லை, சங்கிலி இல்லை,
வாணியம்பாடி டோல்கேட்டில் வரிசை இல்லை.
இருந்தும் அதே கேள்வி:
நீளம்? அகலம்?

ஆறாயிரத்து இருநூற்று நாற்பத்தெட்டுப் புள்ளி அகலம்
இரண்டாயிரத்து நாற்பத்தெட்டாக வேண்டும்.
மூன்றுக்கு மூன்று,
ஒன்பது பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் இனி ஒருவர்.
எட்டு இருட்டுக்கு நடுவே ஒரு நட்சத்திரம் இருந்தால்
ஒன்பதில் ஒரு பங்கு வெளிச்சம் மிஞ்சும்,
அதை இருட்டு என்றே சொல்லிவிடலாம்.

இடது மூலையில் அப்படி ஒன்று இருந்தது.
பெருக்கிப் பெருக்கிப் பார்த்ததில்
எனக்கு மட்டும் பழக்கமானது.
சிறிதாக்கினேன், காணோம்.
பின்வாங்கினேன், இருக்கிறது.
சிறிதாக்கினேன்.

எங்கள் தாளில் இதற்கு ஒரு கட்டம் உண்டு:
கழிவு, ஐந்து சென்டிமீட்டர், இரு தரப்பும் சம்மதம்.
இங்கே கையெழுத்துப் போட
எதிர்த்தரப்பில் யாருமில்லை.

கூர்மையைச் சிறிதாக்கிய பிறகே தொட வேண்டும்,
முந்தினால் நட்சத்திரங்களைச் சுற்றிக் கரி வளையம் விழும்.
வண்ணவெளி எஸ்ஆர்ஜிபி.
அதை மறந்த தடவை
தஸ்லிமாவின் போனில் என் ஊதா
அடுப்புச் சாம்பலாகப் போய் இறங்கியது.
பதினாறு பிட் எட்டாகும்போது
வழுவழுவென்ற இருட்டு படிப்படியாக உடைகிறது,
இறங்கு கிணறு மாதிரி.
படிகளை மறைக்கக் கொஞ்சம் இரைச்சலைத் தூவினேன்.
மூன்று இரவு கண்விழித்துத் துடைத்தெடுத்த
அதே இரைச்சலை, என் கையாலேயே.

தரம் எண்பத்தைந்து.
நூற்றைம்பத்தாறு எம்பி
ஒன்றே கால் எம்பியாகப் புறப்பட்டது.
மூலத்தை வேறு டிஸ்கில் வைத்தேன்,
யார்டின் பின்பக்கம் விலைபோகாத பெரிய பிளாக் நிற்குமே,
அது போல, முழுசாக.

காலையில் கிரேன் திம்மராயனுக்கும் அனுப்பியிருந்தேன்.
பத்து மணி வெயில்.
பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று
திரையை எப்போதும் மங்கலாகத்தான் வைத்திருப்பார்.
"கறுப்பாத்தாம்மா இருக்குது."
ஏதோ சொல்ல வாயெடுத்தேன்,
காமா, திரை அளவீடு என்று.
அதற்குள் ஹெல்மெட்டைக் கழற்றிப்
போன்மேல் கவிழ்த்து
இடுக்கில் ஒரு கண்ணை வைத்தார்.

ஜேசிபி பின்னால் வரும் சத்தம்.
அவர் எழவில்லை.
நெற்றி வியர்வை ஹெல்மெட் விளிம்பில் சொட்டியது.

"பாரடைசோ" என்றார் உள்ளேயிருந்து.
அப்புறம்,
"ஆனா காஞ்ச கல்லுல இவ்வளவு தெரியாதே.
யாரு தண்ணி ஊத்துனது?"

நானூற்றுப் பதினேழாம் பிளாக்குக்கு டிரெய்லர் வந்துவிட்டது.
போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
ஏணி ஏறினார்.